மீன் மாத்திரையும் புராஸ்டேட் மருந்தும்: எதை எப்போது, எதோடு எடுப்பது

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அபிராடிரோன் சாப்பிடும் ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரையும் எடுக்கலாமா என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "அபிராடிரோனை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" இதற்குப் பதில் சரியாக இருந்தால் மீன் மாத்திரையைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநர். புற்றுநோய் மருந்துச் சீட்டுகள் என் மேசைக்குத்தான் வரும். மஸ்கட்டிலோ துபாயிலோ இருக்கிற மகன் அப்பாவுக்கு ஒமேகா-3, அதாவது மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம், டப்பா ஒன்றை அனுப்பியிருப்பான். 'மீன் எண்ணெய் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்திருக்கும். அப்பா இரண்டையும் நம்பி எடுக்கத் தொடங்கிவிடுவார். டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார். "அது மருந்து இல்லையே, மீன்தானே" என்பார்கள். கொழுப்பு அமிலமும் புராஸ்டேட் மருந்தும் சேரும்போது என்ன நடக்கிறது, எப்படிச் சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்கவே கூடாது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. கீழே உள்ள எதுவும் டாக்டர் எழுதிய அளவை நீங்களாக மாற்றுவதற்கு அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு.

அபிராடிரோன்: கொழுப்போடு சேர்ந்தால் அளவே மாறிவிடும்

அபிராடிரோன் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. விதைப்பையில் மட்டுமல்ல, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும், புற்றுக்கட்டியிலும்கூட ஆண் ஹார்மோன் உண்டாவதை இது தடுக்கிறது. வழக்கமான அளவு ஒரு நாளுக்கு 1000 மில்லிகிராம். அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, அல்லது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. கூடவே பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், நோயின் நிலையைப் பொறுத்து ஒரு வேளையோ இரண்டு வேளையோ.

இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். வெறும் வயிற்றில் போட்டால் உள்ளே போனதில் சிறு பங்குதான் ரத்தத்துக்கு வரும். 1000 மில்லிகிராம் என்ற பெரிய அளவு அந்தக் கணக்கை வைத்தே முடிவானது. அதையே சாப்பாட்டோடு போட்டால்? ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்த சோதனையில், கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு எடுத்தபோது உடல் ஏற்ற மொத்த மருந்து சுமார் 5 மடங்காக உயர்ந்தது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு சுமார் 10 மடங்கு. ரத்தத்தில் அதன் உச்ச அளவு 17 மடங்கு வரைக்கும் போனது.

அதனால்தான் சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று எழுதுகிறோம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். பால் சேர்த்த காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.

ஒரு அண்ணாச்சி, எழுபதை நெருங்குகிறவர், மனைவியோடு வந்தார். அந்த அக்கா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: அபிராடிரோன் டப்பா, பிரெட்னிசோலோன் அட்டை, பிரஷர் மாத்திரை, மகன் அனுப்பிய மீன் எண்ணெய். "காலைல புட்டும் கடலையும் தின்ன கையோட எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருவாரு. அப்பதான் மறக்காம இருக்கும்லா?" புட்டில் பாதி தேங்காய்ப்பூ, கடலைக்கறியில் தேங்காய் எண்ணெய், அதன்மேல் மீன் எண்ணெய், அதன்மேல் நான்கு அபிராடிரோன். அவருடைய கால் இரண்டும் வீங்கியிருந்தது. செருப்பின் வார் பதிந்த இடம் அப்படியே குழியாகத் தெரிந்தது. மேலே அனுப்பி டாக்டர் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. இந்த மூன்றும் அபிராடிரோனுக்கே உரிய பக்கவிளைவுகள்தான். மருந்து உடம்பில் தேவைக்கு மேல் சேரச் சேர இவற்றுக்கான வாய்ப்பும் கூடும். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றி, பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்து, சீக்கிரமே திரும்ப வரச் சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டுக்கு அன்று நான் எழுதிக் கொடுத்த நேரம் இதுதான். பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருந்தும். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் அபிராடிரோன், ஒரு டம்ளர் தண்ணீர். ஏழரை அல்லது எட்டு மணிக்கு டிபன், அது முடிந்ததும் பிரெட்னிசோலோன். அது வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். மீன் எண்ணெய் எடுக்க டாக்டர் சம்மதித்திருந்தால், அது மதியச் சாப்பாட்டின் நடுவில். அதற்குள் அபிராடிரோன் வயிற்றைத் தாண்டிப் போயிருக்கும். மீன் எண்ணெய்க்கும் கொழுப்புள்ள சாப்பாடு இருந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் ஏப்பம் மட்டும்தான் மிச்சம். ஒன்று காலி வயிற்றைக் கேட்கிறது, மற்றது நிறைந்த வயிற்றைக் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகவே போகாது.

கொழுப்பை வைத்தே அளவைக் குறைக்கும் முறை

சாப்பாட்டோடு இவ்வளவு கூடுதலாக ஏறுகிறது என்றால், மருந்தைக் குறைத்துச் சாப்பாட்டோடு கொடுத்தால் என்ன? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஸல் ஷ்முலெவிட்ஸ் குழு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. 2018-ல் வெளியான அந்த ஆய்வில் 72 பேர். ஒரு பாதிக்கு வழக்கம்போல வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம். மறு பாதிக்குக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு வெறும் 250 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு மாத்திரை. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, இறங்கியதில் ஒரு மாத்திரைக்காரர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன்னின் வழிகாட்டுதலும் இதை ஒரு மாற்று வழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இருக்கிற மருந்தோடு கொழுப்பைச் சேர்த்துப் பயன் எடுப்பதற்கு, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த உருப்படியான உதாரணம் எனக்குத் தெரிந்து இதுதான்.

மாதச் சம்பளத்தில் பாதி மருந்துக்கே போகும் வீடுகளை நான் தினமும் பார்க்கிறேன். மாத்திரை கட்டுப்படியாகாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: நீங்களாகக் குறைக்காதீர்கள். டாக்டரிடம், "சார், சாப்பாட்டோடு குறைந்த அளவு கொடுக்கும் முறை எனக்குச் சரிப்படுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆய்வில் 72 பேர்தான் இருந்தார்கள், அளந்தது பிஎஸ்ஏயை, ஆயுளை அல்ல. அதனால் எல்லா டாக்டரும் எல்லாருக்கும் எழுதிவிட மாட்டார்கள். ஆனால் பணத்துக்காக மருந்தை நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்தால் அவர் யோசிப்பார். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அவர் அப்படி எழுதிவிட்டார் என்றால், அப்புறம் டிபன்தான் மருந்தின் அளவுகோல். முன்பு சொன்ன அந்த ஒருவேளைச் சோதனையில் 'கொழுப்பு குறைந்தது' என்பது சுமார் 300 கலோரி, அதில் 7 சதவீதம் மட்டும் கொழுப்பு. கணக்குப் போட்டால் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 'கொழுப்பு நிறைந்தது' என்பது சுமார் 825 கலோரி, அதில் 57 சதவீதம் கொழுப்பு, அதாவது 50 கிராமுக்கும் மேல். நம் ஊரில் இட்லியும் எண்ணெய் குறைந்த சாம்பாரும் முதல் வகைக்குப் பக்கத்தில் வரும். இடியாப்பத்தோடு பருப்பு, கோதுமைக் கஞ்சி, ஓட்ஸ் எல்லாம் சரிதான். பூரி, வடை, நெய்ப் பொங்கல், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப் பால் ஊற்றிய ஆப்பம் எல்லாம் அடுத்த பக்கம். இன்று இட்லி, நாளை பூரி என்று மாறினால் ரத்தத்தில் மருந்தும் அப்படியே ஏறி இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி டிபன், ஒரே நேரம், இது கட்டாயம்.

இந்த முறையில் இருப்பவர் டிபனோடு மீன் மாத்திரை போடவே கூடாது. சாதாரண மீன் மாத்திரை ஒன்றில் ஒரு கிராம் எண்ணெய் இருக்கும், எட்டு போட்டால் எட்டு கிராம். மொத்தமே இரண்டு கிராம் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் ஊற்றினால் டாக்டர் போட்ட கணக்கு என்னாவது? மீன் மாத்திரை மதியத்துக்கு, இல்லையென்றால் ராத்திரிக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அபிராடிரோன் நுண்துகள் வடிவிலும் வருகிறது. அதன் அளவு 500 மில்லிகிராம், சாப்பாட்டோடும் எடுக்கலாம், சாப்பிடாமலும் எடுக்கலாம். அதை வழக்கமான மாத்திரைக்குப் பதிலாக அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. கடையில் 'இதுவும் அபிராடிரோன்தான்' என்று வேறு டப்பா கொடுத்தால், பழைய டப்பாவையும் புதியதையும் சேர்த்து டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் போடுங்கள்.

மற்ற மருந்துகள்

எல்லாப் புராஸ்டேட் மருந்தும் அபிராடிரோன் மாதிரி அல்ல. என்சலுடமைட், அபலுடமைட், பைகலுடமைட் மூன்றையும் சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம், மீன் எண்ணெயோடு நேரச் சிக்கல் இல்லை. ஆனால் என்சலுடமைட் எடுப்பவர் இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் எடுத்தால், என்சலுடமைட் கல்லீரலைத் தூண்டி வார்ஃபரினைச் சீக்கிரம் கரைத்துவிடும். மீன் எண்ணெயோ ரத்தம் உறைவதை லேசாகத் தாமதப்படுத்தும். எதிரெதிர்த் திசையில் இழுக்கிற இரண்டின் நடுவில் வார்ஃபரின் அளவைச் சரியாக வைப்பது கஷ்டம். அங்கே மீன் மாத்திரை வேண்டாம் என்பதே என் பேச்சு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனை) பார்க்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

டாரோலுடமைட் நேர் எதிர். அதைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக, காலையும் ராத்திரியும். சாப்பாட்டோடு எடுத்தால் இரண்டு, இரண்டரை மடங்கு கூடுதலாக உடம்பில் ஏறும். அளவும் அதை வைத்தே முடிவானது. மீன் எண்ணெயை இந்த மாத்திரையோடு அதே சாப்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். விரதம் என்று வெறும் வயிற்றில் டாரோலுடமைட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்த்திகையோ லெந்துக் காலமோ நோன்போ, எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடும் ஹார்மோன் ஊசிகள், அல்லது விதை நீக்க அறுவை, இவற்றுக்கும் மீன் எண்ணெய்க்கும் நேரடி மோதல் இல்லை. இந்தச் சிகிச்சையில் ஆண் ஹார்மோன் அடங்குவதால் வயிறு பெருக்கும், சர்க்கரை கூடும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும். ஒமேகா-3 மருந்தாகவே அனுமதி பெற்றிருப்பது முக்கியமாக அந்த ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருக்கும்போது இறக்குவதற்குத்தான். ஆக, உங்கள் டாக்டர் ஒமேகா-3 எழுதினால் பெரும்பாலும் அந்தக் காரணத்துக்காகத்தான் இருக்கும். 'புற்றுநோய்க்காக எழுதியிருக்கிறார்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீமோ வந்தால் கதை வேறு. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்து சேர்ப்பது உண்டு, வேகமாகப் பரவும் வகைகளில். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் எமில் ஃபூஸ்ட் குழு 2011-ல் ஒன்றைக் கண்டது. மீன் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் ஒரு தனிவகைக் கொழுப்பு அமிலம், எலிகளில் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்து வேலை செய்யாதபடி தடுத்துவிடுகிறது. 2015-ல் அதே குழு மனிதர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தபோது அந்த அமிலம் ரத்தத்தில் ஏறியது. ஹெர்ரிங், கானாங்கெளுத்தி வகை மீன்களைச் சாப்பிட்டாலும் ஏறியது. அதனால் கீமோவுக்கு முந்தைய நாளும், கீமோ அன்றும், மறுநாளும் மீன் எண்ணெய் வேண்டாம் என்று அங்கே அறிவுரை வந்தது. எலியில் கண்டதுதான் என்றாலும், மூன்று நாள் மீன் மாத்திரை இல்லாமல் இருப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் என் பக்கத்திலிருந்து இதைக் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். அந்த மூன்று நாளும் அயிலை, சாளைக்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் மீன் எண்ணெய் புற்றுக்கு என்னதான் செய்கிறது?

புராஸ்டேட் புற்றணு கொழுப்பை நம்பி வாழ்கிற ஜாதி. பல புற்றுநோய்கள் சர்க்கரையை வெறியோடு உறிஞ்சும். சர்க்கரையை வைத்து எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேனில் அவை பளிச்சென்று தெரியும். புராஸ்டேட் புற்று அதில் பல நேரம் சரியாகத் தெரியாது, அதனால்தான் பிஎஸ்எம்ஏ பெட் என்ற தனி ஸ்கேன் எழுதுகிறார்கள். இந்த அணு கொழுப்பைத் தானே தயாரிக்கும், வெளியிலிருந்தும் வாங்கும், எரித்தும் வாழும். எனவே ஆராய்ச்சி இரண்டு வழியில் போகிறது. ஒன்று, கொழுப்பு உள்ளே போகும் வழியையோ தயாரிக்கும் நொதியையோ அடைப்பது. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சிடி36 என்ற நுழைவாயிலை அடைத்து எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தார்கள், 2019-ல். அடிலெய்டில் லிசா பட்லர் குழு 2020-ல் டெக்ர்1 என்ற நொதியைக் காட்டியது. அந்த நொதி இல்லாவிட்டால் ஒமேகா வகைக் கொழுப்புகளைப் புற்றணுவால் கையாள முடியாமல், அவை உள்ளேயே கெட்டுப்போய் அணுவைக் கொல்கின்றன. இவை இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை.

இரண்டாவது வழிதான் நாம் பேசும் மீன் எண்ணெய். சூரியகாந்தி போன்ற சமையல் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-6 கொழுப்பிலிருந்து உடல் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் செய்கிறது. ஒமேகா-3 அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறது. இதை மனிதர்களில் சோதித்தது லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆரன்சன் குழு. 2024 டிசம்பரில் வெளிவந்த கேப்ஃபிஷ்-3 ஆய்வில் 100 ஆண்கள். எல்லாரும் ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்கள், சிகிச்சை தொடங்காமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள். ஒரு பாதியினர் வறுத்த, பொரித்த, பாக்கெட் தின்பண்டங்களைக் குறைத்து, தினமும் 2.2 கிராம் ஒமேகா-3 எடுத்தார்கள். ஓராண்டு கழித்துத் திரும்பத் திசு எடுத்துப் பார்த்தபோது, அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு அவர்களிடம் சுமார் 15 சதவீதம் இறங்கியிருந்தது. மற்றவர்களிடம் சுமார் 24 சதவீதம் ஏறியிருந்தது.

இது நல்ல செய்தி. வாட்ஸ்அப் செய்தி இங்கேயே நின்றுவிடும், நீங்கள் நிற்காதீர்கள். அதே ஆய்வில் பிஎஸ்ஏ மாறவில்லை, கட்டியின் தரநிலை மாறவில்லை, அளவும் மாறவில்லை. மீன் எண்ணெயின் பக்கவிளைவு தாங்காமல் நான்கு பேர் விலகினார்கள். முக்கியமாக, அவர்களில் ஒருவரும் அபிராடிரோன் மாதிரி மருந்தில் இல்லை. பரவிய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பாவுக்கு இந்த 15 சதவீதத்தை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. மருந்தை விட்டுவிட்டு மீன் எண்ணெய்க்குப் போக இந்த ஆய்வில் ஒரு வரிகூட இடம் கொடுக்கவில்லை.

'மீன் எண்ணெய் எடுத்தால் புராஸ்டேட் புற்று வரும்' என்று எதிர்ப்பக்கச் செய்தியும் சுற்றுகிறது. அது 2013-ல் வந்த ஓர் ஆய்வு. ரத்தத்தில் ஒமேகா-3 அதிகம் இருந்தவர்களிடம் புற்று கூடுதலாகக் காணப்பட்டது. அந்த ஆண்களுக்கு யாரும் மீன் எண்ணெய் கொடுத்துச் சோதிக்கவில்லை, ரத்தத்தில் இருந்ததை மட்டும் அளந்தார்கள். நிஜமாகவே மாத்திரை கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில், 25,871 பேருக்கு நடத்தியதில், தினம் 1 கிராம் மீன் எண்ணெய் புற்றுநோயைத் தடுக்கவில்லை. பயந்து ஓடவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்.

டப்பாவைத் திருப்பிப் படிக்கும் முறை

முன்பக்கம் '1000 மி.கி.' என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை, ஒமேகா-3-இன் எடை அல்ல. டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். மீன் எண்ணெயின் ஒமேகா-3 இந்த இரண்டும்தான். சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம். இதில் கேப்ஃபிஷ் ஆய்வின் 2.2 கிராம் வேண்டுமென்றால் ஏழு, எட்டு மாத்திரை ஆகும். செறிவூட்டிய வகையில் ஒன்றிலேயே 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், மூன்று போதும். விலையை ஒப்பிடும்போது மாத்திரைக்கு எவ்வளவு என்று பார்க்காமல், இபிஏயும் டிஹெச்ஏயும் சேர்ந்த ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

'மீன் ஈரல் எண்ணெய்' என்று எழுதியிருந்தால் கீழே வையுங்கள். அதில் வைட்டமின் ஏ இருக்கும். ஏழெட்டு மாத்திரை போட்டால் அது அளவுமீறிச் சேர்ந்துவிடும். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய அபிராடிரோன் எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் சுமை எதற்கு?

வைட்டமின் ஈ அதிகம் சேர்த்த வகையும் வேண்டாம். எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்க்கும் துளியளவு பரவாயில்லை. ஆனால் 400 யூனிட் வைட்டமின் ஈ தினமும் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது, 35,533 பேரை வைத்து நடந்த செலக்ட் ஆய்வில். நம் வீடுகளில் தோலுக்கு, முடிக்கு, கால் பிடிப்புக்கு என்று 400 யூனிட் கேப்ஸ்யூல் கேட்காமலே வாங்குகிறோம். புராஸ்டேட் நோயாளி இருக்கும் வீட்டில் அது அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாசம் இருக்கலாம். பழைய பெயின்ட் மாதிரி காரமான நெடி அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. கொடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

சமையலறை

சாளை இருக்கும் ஊரில் மாத்திரைக்கு அவசரம் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும். சாளை, அயிலை, நெத்திலி மூன்றும் ஒமேகா-3 நிறைந்தவை, விலையும் கைக்கு எட்டும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சின்ன மீனில் அந்தக் கவலை குறைவு. புளி ஊற்றிக் குழம்பு வையுங்கள், வாழையிலையில் சுடுங்கள். ஒரு கடாய் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால், ஒமேகா-3-க்காக வாங்கிய மீன் ஒமேகா-6-ஐக் குடித்துவிட்டு வரும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 8 கிராம் அளவுக்கு ஒமேகா-6 இருக்கும். கேப்ஃபிஷ் ஆய்வில் மீன் எண்ணெயோடு பொரித்ததையும் குறைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம், பாதி வேலை அங்கேதான் நடந்திருக்கலாம்.

தேங்காய் எண்ணெயில் ஒமேகா-6 மிகக் குறைவு, ஆனால் பெரும்பகுதி நிறைகொழுப்பு. ஹார்மோன் சிகிச்சையால் இதயத்துக்கு ஏற்கெனவே சுமை கூடியவருக்கு அதுவும் கை நிறைய வேண்டாம். சைவர்கள் ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 161 ஆண்களுக்கு நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் ஒரு மாத அளவுக்குத் தினமும் 30 கிராம் ஆளி விதைப்பொடி எடுத்தவர்களிடம் கட்டி அணுக்கள் பெருகும் வேகம் குறைந்திருந்தது. அபிராடிரோன் எடுப்பவர் ஆளி விதையையும் மதியத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

எடுக்கக் கூடாதவர்கள், நிறுத்த வேண்டிய நேரம்

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முன்பு வந்தவர்கள் மீன் எண்ணெய் பக்கமே போக வேண்டாம், இதய டாக்டர் சொன்னாலொழிய. 2021-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினம் 1 கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு சுமார் 49 சதவீதம் கூடுதலாக வந்தது. 1 கிராமுக்குள் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். அபிராடிரோன் பொட்டாசியத்தை இறக்கும், பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்வதைப் பற்றித்தான் எனக்கு மிகவும் கவலை. அதனால் டாக்டர் தெளிவாக எழுதாதவரை அபிராடிரோன் எடுப்பவர்களுக்கு 1 கிராமைத் தாண்டச் சொல்லமாட்டேன்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பயாப்சிக்கோ அறுவைக்கோ தேதி குறித்ததும் மீன் மாத்திரை எடுப்பதைச் சொல்லி, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அப்படித்தான்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அபிராடிரோன் தொடங்கிய முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, அப்புறம் மாதாமாதம். பிரஷரும் பொட்டாசியமும் மாதம் ஒருமுறையாவது. மீன் எண்ணெய் சேர்ப்பதானால், அபிராடிரோன் தொடங்கும் அதே வாரத்தில் சேர்க்க வேண்டாம். முதல் சில பரிசோதனைகள் சரியாக வந்த பிறகு சேர்த்தால், ஏதாவது கோளாறு வந்தால் எதனால் என்று டாக்டருக்குக் கண்டுபிடிக்க எளிது.

நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடித்தால், காலில் வீக்கம் ஏறினால், மூச்சு வாங்கினால், தசை பலமில்லாமல் தொய்ந்தால், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், மலம் கறுத்துப் போனால், அடுத்த சந்திப்புத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது வீட்டில் அவர் எடுக்கும் எல்லா டப்பாவையும், மகன் அனுப்பியது உட்பட, ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.